இரண்டு விரலுக்கு நகராத பக்கம்

முகப்பேரில் நான் வளர்ந்த ஹவுசிங் போர்டு வீட்டில் உட்கார்ந்து காலையில் லேப்டாப்பைத் திறந்தேன். டச்பேடில் ஒரு விரலை வைத்தால் அம்பு சொன்ன பேச்சைக் கேட்டது. இரண்டு விரலால் தள்ளினால் பக்கம் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. மூன்று விரலுக்கும் அதே கதிதான். முந்தின நாள் காலைவரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. இடையில் நடந்தது ஒன்றே ஒன்று: லேப்டாப்பை மேசைமேல் விட்டுவிட்டு, தம்பி மனைவியோடு திருவேற்காடு கோயிலுக்குப் போய்வந்தேன்.

பதினோரு வருடமாக ஸ்வீடனில் இருக்கிறேன். அங்கே பக்கத்து மேசைப் பேனாவைக்கூடக் கேட்காமல் தொட மாட்டார்கள். எனக்கும் அந்தக் குணம் ஒட்டிக்கொண்டது. காபி எடுக்க எழுந்தாலும் திரையைப் பூட்டுவேன். இங்கேயோ, வந்த இரண்டாம் நாளே தம்பி மணி, "படம் பாக்கணும்க்கா, பாஸ்வேர்டு இன்னா?" என்று கேட்டான். நானும் சொல்லித் தொலைத்தேன். அதற்குள் யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. ஸ்வீடன் குடியுரிமைக்கு நான் போட்ட விண்ணப்பம். கிடைத்துவிட்டால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா போனதிலிருந்து அவர், "எம்பொண்ணு ரெண்டு வருசத்துல திரும்பிடும்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் காதில் மட்டும் இது விழுந்துவிடக் கூடாது.

செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். இரண்டு விரல் ஸ்க்ரோல் ஆனில்தான் இருந்தது. அணைத்துப் போட்டேன். டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினேன். ஒரு பயனும் இல்லை. எல்லாம் சரியாக இருக்க இருக்க, மணி உள்ளே நோண்டியிருப்பான் என்ற சந்தேகம்தான் வளர்ந்தது. விரலுக்கடியில் ஏதோ வழுவழுப்பு. எவன் எண்ணெய்க் கையோ என்று அதற்கும் மணியையே நினைத்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் இட்லியைப் பிட்டுத் தின்றான். அதுவும் எனக்குச் சாட்சியாகிவிட்டது.

அலுவலக அழைப்பில், ஸ்வீடனில் என்னோடு வேலை செய்யும் எரிக்கிடம், "வீட்டில் யாரோ என் லேப்டாப்பைத் தொட்டிருக்கிறார்கள்" என்றேன். அவன் முகம் வெளுத்தது. "போலீசுக்குச் சொல்லிவிட்டாயா?" என்றான். குடும்பத்து ஆட்கள்தான் என்றேன். "அப்படியானால் உடனே ஒரு ஹோட்டலுக்குப் போய்விடு" என்றான். இவனுக்கு எங்கிருந்து விளக்குவது?

சாயங்காலம் மணி ஆவடி வேலையிலிருந்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"என் சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷனைப் படிச்சியா இல்லியா? உண்மையைச் சொல்லு."

"இன்னா அப்ளிகேஷனு? அத்த நான் தொடவே இல்லக்கா!"

நுணலும் தன் வாயால் கெடும். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நைனா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். பாலிதீன் கவருக்குள் இருக்கும் ரிமோட் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருடம் மெஷினில் நின்றவர் அவர். ஒரு பொருள் தேய்வது அவருக்குப் பொறுக்காது. ரேஷன் கார்டு, வண்டி சீட்டு, ஃபிரிட்ஜ் கைப்பிடி, எல்லாவற்றுக்கும் கவர். நான் முதல்முறை கிளம்பியபோது பாஸ்போர்ட்டுக்கும் அவர்தான் போட்டுக் கொடுத்தார்; இன்றும் அதே கவர்தான்.

"அவன் தொடல, நான்தான் தொட்டேன்" என்றார். "வெரலு வெக்கிற எடம் தேஞ்சிபோய் கீது. செல்போன் கடையில ஷீட்டு வாங்கியாந்து ஒட்டினேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. மணி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனான். நைனா எழுந்துவந்து, டச்பேடின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினார். கண்ணுக்கே தெரியாத ஷீட் மெல்ல எழும்பியது. பாதி உரித்ததும் கையை நிறுத்தினார்.

"அப்போ அந்த ஊர்க்காரியா ஆயிடுவியா?"

"இன்னும் கெடைக்கல நைனா."

"கெடச்சா இந்தப் பாஸ்போர்ட்டு?"

"திருப்பிக் குடுத்துடணும்."

கொஞ்ச நேரம் டிவியில் ஓடிய விளம்பரத்தைப் பார்த்தார். பிறகு, "குடுக்க சொல்ல கவர கயட்டி வெச்சிக்கோ. அது நான் போட்டது" என்றார். போய் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

ஸ்வீடன் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. நைனா உரித்த பாதியை மட்டும் வெட்டி எடுத்தேன்; மீதி ஷீட்டை உரிக்க எனக்குக் கை வரவில்லை. டச்பேடின் வலது பாதியில் இரண்டு விரல் வைத்தால் பக்கம் நகர்கிறது. இடது பாதியில் நகர்வதில்லை. விரல் மட்டும் தினமும் இடது பக்கமே முதலில் போகிறது.