பாலாக நின்ற ரத்தம்

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். சர்க்கரை, யூரியா, சிறுநீர். எங்கள் அறையில் பார்க்க முடிந்தது அவ்வளவுதான். கொலஸ்ட்ரால் பார்க்க மெட்ராஸ் போக வேண்டும். எங்கள் நோயாளிகளில் யாரும் போனதாக எனக்குத் தெரியாது.

என் அண்ணன் பஸ் கண்டக்டர். முப்பத்தெட்டு வயதில் சர்க்கரை வியாதி வந்தது. காபியில் சர்க்கரையை அன்றே நிறுத்திவிட்டார். அதில் அவருக்கு ஒரு பெருமை. மாத்திரையை மட்டும் நினைத்தபோது போடுவார். ஆள் ஒல்லி. கொழுப்பெல்லாம் குண்டாக இருப்பவர்களுக்குத்தான் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். படித்த நானும்தான்.

ஒரு நாள் காலையில் அவருக்கு ரத்தம் எடுத்தேன். மெஷினில் சுற்றி எடுத்தபோது, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்க வேண்டிய ரத்த நீர், அதாவது சீரம், பாலைப் போல வெள்ளையாக நின்றது. ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். ராத்திரியிலிருந்து தண்ணீர் மட்டும்தான் என்றார்.

குழாயை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்.

"சுகர் ஜாஸ்தியா இருந்தா சில பேருக்கு இப்படித்தான் இருக்கும். ஒல்லியான ஆளு, ஒண்ணும் ஆவாது. ரிப்போர்ட்ல சுகர் மட்டும் எழுதும்மா."

சுகர் மட்டும் எழுதினேன். அண்ணனிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். அதைவிட, டாக்டருக்குத் தெரியாததா என்ற சோம்பல்.

நான்கு மாதம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு வலி இல்லை. சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து யாரோ சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து படுத்தவர் மத்தியானம் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

கருமாதி முடிந்த பிறகு, தாங்க முடியாமல் அந்தக் குழாயைப் பற்றி அண்ணியிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

"கண்ணால பாத்துட்டு வாய மூடிக்கினு இருந்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகுதான் பாடப்புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்தேன். எல்லாம் அதில் இருந்தது. இன்சுலின் வேலை செய்யாதபோது சர்க்கரை மட்டும் கெடுவதில்லை. உடம்பில் சேர்ந்த கொழுப்பு கரைந்து ரத்தத்தில் இறங்குகிறது. ஈரல் அதை வாங்கி வேறு கொழுப்பாக்கித் திரும்ப ரத்தத்திலேயே விடுகிறது. அதை ரத்தத்திலிருந்து அகற்றுகிற வேலையும் இன்சுலின் இல்லாமல் மந்தமாகிவிடுகிறது. நல்லது செய்கிற கொலஸ்ட்ரால் குறைகிறது. மற்றது ரத்தக் குழாய்ச் சுவரில் படிகிறது. ஒல்லியானவனுக்கும் இது நடக்கும். சர்க்கரைக்காரருக்கு வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். பத்து ரூபாய் பெறாத பழைய புத்தகத்தில் இவ்வளவும் இருந்தது.

அன்றிலிருந்து சீரம் கலங்கி நின்ற ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் சிவப்பு மையில் அதைக் குறித்தேன். டாக்டர் இரண்டு முறை கண்டித்தார். மூன்றாவது முறை, நாளைக்கு வரவேண்டாம் என்றார்.

எண்பதுகளில் எங்கள் ஊரிலும் கொலஸ்ட்ரால் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த டாக்டர்தான் எல்லோரையும்விட அதிகமாக நோயாளிகளை அதற்கு அனுப்பினார் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அண்ணி என்னோடு பேசுவதில்லை. பேசச் சொல்லி நான் கேட்டதும் இல்லை.