அசையாத முழங்கால்

அன்று சாயங்காலம் மஹய்யாவ வீட்டில் மூன்று பேர் இருந்தோம். கட்டிலில் அப்பா, அடுப்படியில் அம்மா, கதிரையில் உயர்தரப் பரீட்சைக்கான உயிரியல் புத்தகத்தோடு நான். அக்கா இல்லை, பிலிமத்தலாவையில் கட்டிக் கொடுத்திருந்தோம். டாக்டரும் இல்லை. அப்பாவை டாக்டரிடம் காட்டும் பேச்சு வந்தபோது, "எதுக்கு? நம்ம தம்பி இருக்கான்ல" என்று சொன்னது அம்மாதான்.

எங்கள் வீட்டு வழக்கம் அது. கரண்ட் பில்லோ, நகரசபைக் கடிதமோ, மருந்து போத்தலோ, எழுத்துள்ள எதுவும் என் கைக்குத்தான் வரும். எட்டு வயதிலிருந்தே நான் சொன்னதுதான் முடிவு.

அப்பாவுக்கு நகரசபை நீர்ப் பிரிவில் குழாய் வேலை. இரும்புக் கம்பியின் ஒரு நுனியை ரோட்டில் ஊன்றி, மறுநுனியைக் காதில் வைத்து, மண்ணுக்குள் எங்கே ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன் அவருக்கு வயிற்றால் போய் நின்றிருந்தது. இப்போது பாதம் பஞ்சில் மிதிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். வீட்டுக்கு ஏறும் படிகளில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

கால் தொங்கும்படி அவரைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, முழங்கால் சில்லுக்குக் கீழே என் உள்ளங்கை விளிம்பால் தட்டினேன். தட்டின செய்தி முள்ளந்தண்டு வரை போய், மூளையைக் கேட்காமலே திரும்பி வந்து காலை உதறவைக்கும் என்று படித்திருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க அம்மாவுக்குத் தட்டினேன், அவர் கால் துள்ளியது. "கிட்ட நிக்காதடா, உதைச்சிருவேன்" என்று சிரித்தார். என் காலும் துள்ளியது. அப்பாவின் கால் இரண்டும் சும்மா தொங்கின.

"கிழட்டு மாடு உதைக்குமா" என்றார் அப்பா.

பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவருக்கு நரம்புக் கலத்தை வரைந்து காட்டினேன். நீண்ட வால், அதைச் சுற்றிக் கொழுப்பு உறை, உறையில் அங்கங்கே இடைவெளி. செய்தி என்பது ஒரு சின்ன மின்சாரம். இடைவெளிக்கு இடைவெளி தாவித்தான் ஓடும். வால் முடிகிற இடத்தில் ஒரு இரசாயனத்தைக் கொட்டும், அதை வாங்கித் தசை அசையும்.

"இந்த உறை போச்சுன்னா?"

"கரண்ட் வழியிலேயே செத்துரும்ப்பா."

"அப்ப கடைசி வீட்டுக்குத்தான் மொதல்ல தண்ணி நிக்கும். பாதந்தானே கடைசி வீடு."

என் பாடம் அவருக்குப் புரிந்ததில் எவ்வளவு சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"லைன்லதான் கோளாறு போல தம்பி. ஆஸ்பத்திரியில காட்டுவமா?"

"வேணாம்ப்பா. விட்டமின் குறைவு. அந்த உறைக்கு பி விட்டமின் வேணும்." டியூசன் கொப்பியில் ஒரே ஒரு வரி இருந்தது.

"லைன் ஒழுகுறப்ப டேங்கில தண்ணியக் கூட்டி என்ன செய்ய?"

"அப்பா, இது குழாய் இல்ல."

தலையாட்டினார். ரோட்டில் நின்று எஞ்சினியரோடு மல்லுக்கட்டுகிற மனிதர், நான் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டார்.

பாமசியில் மூன்று காட் மாத்திரை வாங்கினேன், காட்டுக்குப் பத்து. காலையில் ஒன்று, இராத்திரி ஒன்று. மூன்றாம் நாள் எழுந்து நிற்கையில் முழங்கால் மடங்கி விழுந்தார். ஐந்தாம் நாள் அம்மா தூக்கித்தான் உட்காரவைத்தார். விசாரிக்க வந்தவர்களிடம், "தம்பி மருந்து குடுத்திருக்கான்" என்று பெருமையாகச் சொன்னார். ஆறாம் நாள் காலையில் குடித்த தேத்தண்ணி அப்பாவின் மூக்கு வழியாக வந்தது.

பேராதனை ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்து அம்மா. ரப்பர் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார்.

"எத்தினை நாளா இப்பிடி அசையேல்லை?"

"ஆறு நாளைக்கு முந்தியே தட்டிப் பார்த்தேன், டாக்டர்."

"நீரோ தட்டிப் பாத்தனீர்?" என்று நிமிர்ந்து பார்த்தார். "அப்பவே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே, தம்பி."

வயிற்றில் வந்த கிருமியோடு சண்டை போட்ட உடம்பு, ஆள் மாறி, தன் நரம்பின் உறையையே தின்றுகொண்டிருக்கிறது என்றார். வேளைக்கு மருந்து ஏற்றினால் பலருக்குத் திரும்பிவிடுமாம். மருந்து ஏற்றினார்கள். மூச்சுத் தசைக்கும் செய்தி போகாததால் தொண்டையில் குழாய் போட்டார்கள். அறிவு மட்டும் தெளிவாக இருந்தது. பேச்சுக்குப் பதில் இமை: ஒரு தரம் மூடினால் ஆம், இரண்டு தரம் மூடினால் இல்லை.

பதினோராம் நாள், பார்வையாளர் நேரத்தில், "என் மேல கோவமாப்பா?" என்று கேட்டேன். ஒரு தரம் இமை மூடியது. கொஞ்சம் கழித்து இன்னொரு தரம். இரண்டும் சேர்ந்து இல்லை என்பதா, முதலாவது ஆம் என்பதா, இல்லை கண் சும்மா மூடித் திறந்ததா, தெரியவில்லை. மறுபடி கேட்கத் தைரியம் வரவில்லை. அடுத்த நாள் விடியற்காலை இருதயத்துக்குப் போகும் நரம்பும் தடுமாறி, அவர் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு சதம் வாங்கவில்லை. பெட்டிச் செலவை அப்பாவோடு வேலை செய்தவர்களின் மரண உதவிச் சங்கம் பார்த்துக்கொண்டது. மீதிப் பதினெட்டு மாத்திரை அலுமாரியில் இருக்கிறது. அம்மா எறிய விடவில்லை. எங்கள் கையிலிருந்து போனது அந்த மூன்று காட்டின் விலை மட்டும்தான். நானூற்று ஐம்பது ரூபாய்.