பஞ்சவர்ணத்தின் கைரேகை

அரியலூர் ஸ்டேஷன் ரோட்டு மெஸ்ஸில் பஞ்சவர்ணம் பாத்திரம் கழுவ வந்து பத்தொன்பது வருஷம், நாலு மாதம் ஆகியிருந்தது. வயது ஐம்பத்தேழு. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான்; பிள்ளை இல்லை. ரேஷன் கார்டில் அவள் பெயர் ஒன்றுதான்.

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. ரேஷன் கடை மெஷின் அவள் கைரேகையை ஏற்கவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள். புடவையில் துடைத்து மறுபடி வைத்தாள். சிவப்புதான் எரிந்தது.

"சோப்புத்தூள் ரேகையைத் தின்னுடுச்சுக்கா," என்றார் விற்பனையாளர் அறிவரசன். "வூட்ல வேற யாரையாச்சும் அனுப்புங்க."

"வேற யாருப்பா இருக்கா?"

"அப்ப உங்களுக்குப் பதிலா வாங்குறவங்க பேரை இந்த ஃபாரத்துல எழுதிக் குடுங்க. நம்பிக்கையான ஆளா இருக்கணும்."

இரண்டு நாள் யோசித்தாள். மெஸ்ஸில் தினம் இருநூறு பேர் சாப்பிட்டார்கள். அவர்களுடைய தட்டுகளை அவளுக்குத் தெரியும், முகம் தெரியாது. எழுத ஒரு பெயர் அகப்படவில்லை. விரலை மீட்டால்தான் அரிசி.

"தோல் ஆறினா ரேகை தானா வரும். அந்தத் தூளைத் தொடாதீங்க," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். கையுறை போட்டால் தட்டு வழுக்கி விழுந்தது. தலைக்குத் தேய்க்கும் பூந்திக்கொட்டை ஞாபகம் வந்தது. கால் கிலோ வாங்கி, விதையை எடுத்து, நாலு லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, சோப்புத்தூளுக்குப் பதிலாக மெஸ்ஸுக்குக் கொண்டுபோனாள்.

முதலாளி குருமூர்த்தி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, நுரையையே காணோம்? கிருமி சாவுமா?"

"நுரையா கழுவுது? தடவிப் பாருங்க. பிசுக்கு இருந்தா பேசுங்க."

மூன்று தட்டைத் தடவினார். ஒன்றை மோந்தும் பார்த்தார். "கடைசியா கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்துடு. எவனுக்காச்சும் வயித்தால போச்சுன்னா உன்னைத்தான் கூப்புடுவேன்."

எண்ணெய்ச் சட்டியை இரண்டு தரம் தேய்க்க வேண்டியிருந்தது. தினமும் முக்கால் மணி நேரம் தாமதமாக வீடு திரும்பினாள். ஏன் தாமதம் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. பன்னிரண்டாம் நாள் விரல்களில் இருந்த வெடிப்பு மூடியது. இருபத்தாறாம் நாள் இடது மோதிர விரலை வெயிலில் நீட்டிப் பார்த்தாள். மெல்லிய கோடுகள். அதை யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. கொஞ்ச நேரம் தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 20, சனிக்கிழமை. இரண்டு முறை சிவப்பு. மோதிர விரலை மூன்றாம் முறை அழுத்தினாள். பச்சை.

"ஆளு வந்துட்டீங்கக்கா!" என்று அறிவரசன் அரிசி அளந்தார்.

வரிசையில் பின்னால் நின்றவள் பையைப் பார்த்தாள். "தூக்க வூட்லேருந்து யாரும் வரலியா?"

"நான் வந்துருக்கேனே," என்று பஞ்சவர்ணம் பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.