கால்வாயில் விழுந்த ஏ.சி.

எழுபதுகளின் நடுவில், ஒரு கத்திரி வெயில் காலத்தில், மரக்காணம் உப்பளங்களை ஒட்டி ஓடும் பக்கிங்காம் கால்வாயில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பாண்டிச்சேரியில் ஃப்ரிட்ஜ், ஏ.சி. ரிப்பேர் பார்க்கும் ஒரு சின்னக் கடையில் மெக்கானிக். மெட்ராசில் ஒரு வருடம் படித்து வாங்கிய சர்டிபிகேட்டை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஏ.சி.யைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவாக இருந்த அந்த நாளில், அதைக் கழற்றி மாட்டத் தெரிந்தவன் என்பதால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம்தான்.

ஒருநாள் மதியம் மரக்காணத்திலிருந்து ஒரு உப்பு வியாபாரி கடைக்கு வந்தார். வேட்டியும் வெள்ளைத் தொப்பியுமாக, வியர்வையில் நனைந்திருந்தார். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தம்பி, நம்ம போட்டுக்கு ஏ.சி. மாட்டணும்" என்றார்.

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று இன்னொரு முறை கேட்டேன். அதையேதான் சொன்னார்.

விஷயம் இதுதான். அவருடைய மகளை மெட்ராசிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பெண்ணை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் பையனின் அம்மாவுக்கு மட்டும் மரக்காணத்து வெயில் பிடிக்கவில்லை. சம்பந்தம் ஆகிவிட்டால் அடிக்கடி வந்து போக வேண்டுமே என்று தயங்குவதாகக் கடிதம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்த பாய், 'அடுத்த முறை வந்தால் எங்கள் ஏ.சி. போட்டில் கால்வாய் வழியாகக் கூட்டிப்போய்க் கழிமுகத்தைக் காட்டுகிறோம்' என்று எழுதிவிட்டார்.

"எதுக்கு பாய் அப்படி எழுதுனீங்க?" என்று கேட்டேன்.

"கைதான் தம்பி எழுதுச்சு. நான் எழுதல" என்றார்.

அவர்கள் வருவதாகப் பதில் போட்ட பிறகுதான் அவருக்குத் தூக்கம் போயிருக்கிறது. எங்கேயோ ஓட்டலைக் கலைத்தபோது விற்ற பழைய ஜன்னல் ஏ.சி. ஒன்றை வாங்கிவிட்டார். மாட்டத்தான் ஆள் இல்லை. என் கடை முதலாளி என்னைப் பார்த்தார். நான் சர்டிபிகேட் இருந்த பையைத் தொட்டுக்கொண்டே சரி என்றேன்.

மரக்காணத்தில் போய் இறங்கிப் படகைப் பார்த்தேன். உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு போகும் பழைய மரப் படகு. நடுவில் பலகையால் அடித்த ஒரு அறை. அதற்குப் புதிதாகப் பச்சைப் பெயிண்ட். உள்ளே நான்கு நாற்காலி, தரையில் ஒரு ஜமுக்காளம். சுற்றிலும் உப்பளப் பாத்திகள் வெயிலில் கண்ணாடி மாதிரி அடித்தன. அந்த அறைக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். இட்லிப் பானையைத் திறந்தது போல ஆவி முகத்தில் அறைந்தது.

படகைத் தள்ளுகிறவன் என் வயதுக்காரன். கறுத்து, கயிறு மாதிரி முறுக்கேறிய உடம்பு. நீளமான மூங்கில் கழியைத் தண்ணீருக்குள் ஊன்றி, படகின் ஓரப் பலகையில் முன்னாலிருந்து பின்னால் நடந்தே அதைத் தள்ளுவான். நான் வந்து இறங்கியதிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

"இதுக்குள்ள குளுரு எங்கேர்ந்து சார் வரும்?"

"குளிர் எங்கேயிருந்தும் வராது. உள்ளே இருக்கற சூட்டை வெளிய தள்ளும்" என்று பாடம் எடுத்தேன்.

"வெளிய நான்தான சார் நிக்கிறேன்?" என்றான்.

"உன் வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டேன்.

அறையின் பின்பக்கச் சுவரில் ஓட்டை போட்டு, வெளியே இரண்டு கட்டைகளைத் தாங்கலாக அடித்து, ஏ.சி.யை அதில் உட்கார வைத்தேன். குளிர் வெளியே போகக் கூடாது என்பதற்காக ஜன்னல்களைப் பலகை வைத்து ஆணி அடித்தேன். இடுக்கெல்லாம் மைதா பசை தடவிக் காகிதம் ஒட்டினேன். கதவின் உட்பக்கம் சாக்கை மடித்துத் தைத்து, இழுத்துச் சாத்தினால் காற்று நுழையாதபடி இறுக்கினேன். கரண்டுக்கு ஒரு மைக் செட் கடையிலிருந்து ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்தார் பாய். புகையும் சத்தமும் விருந்தாளிகளுக்குக் கூடாது என்று அதை ஒரு சின்னத் தோணியில் ஏற்றிப் படகுக்குப் பின்னால் கயிற்றில் கட்டினோம்.

ஓட்டிப் பார்த்தோம். ஏ.சி.யின் கம்ப்ரசர் கிளம்பியதும் ஃபியூஸ் போனது. மறுபடி போட்டேன், மறுபடி போனது. மூன்றாவது முறையும் போனது. பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கரையில் நின்றார். மறுநாள் காலை விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். ஜெனரேட்டருக்கு இவ்வளவு பாரம் தாங்காது என்று ஃபியூஸ் எனக்குத் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை. அறையின் வெளிச்சுவரில் இருந்த ஃபியூஸ் கட்டையில் மெல்லிய கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, தடிமனான செம்புக் கம்பியை முறுக்கி மாட்டினேன். ஏ.சி. ஓடியது. பாய் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

கழிக்காரன் எட்டிப் பார்த்தான். "இன்னா சார், அதுல மாட்டுக் கயிறு மாதிரி கட்றீங்க?"

"இதெல்லாம் உனக்குப் புரியாதுப்பா" என்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் பையனின் பெற்றோர் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளைப் பையன் வரவில்லை. அம்மா கனத்த உடம்புக்காரர், கையில் ஒரு விசிறி. அப்பா ஒல்லியாக, எதைப் பார்த்தாலும் தொட்டுப் பார்க்கிற மனிதர். அவர்களோடு பாயும் அவர் மனைவியும் அறைக்குள் போய் உட்கார்ந்தார்கள். உள்ளே குளிரும் என்பதை விருந்தாளிகள் உணர வேண்டும் என்பதற்காக, பாய் அந்தக் கத்திரி வெயிலில் கழுத்தில் ஒரு கம்பளி மஃப்ளரைச் சுற்றியிருந்தார்.

கதவைச் சாத்தினேன். ஜெனரேட்டரைக் கிளப்பினேன். படகு நகர்ந்தது. கரையிலிருந்து ஒருவர் கயிறு இழுக்க, நம் ஆள் கழி போட்டான். நான் பின்னால் தோணியில், ஜெனரேட்டர் பக்கத்தில் புகைக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். கழிக்காரன் ஒவ்வொரு நடை முடிந்து படகின் பின்பக்கம் வரும்போதும் ஏ.சி.யின் முதுகிலிருந்து வரும் அனல் அவன் முகத்தில் அடித்தது.

"உள்ள ஊட்டி, வெளிய செங்கச் சூளை!" என்று கத்தினான். நான் கேட்காதது போல இருந்துவிட்டேன். உள்ளேயிருந்து பாயின் குரல் மட்டும் நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டது. "குளுருதுங்களா? குளுருதுங்களா?"

அரை மணி நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு ஜெனரேட்டர் திடீரென்று முனகியது. சமாளித்தது. மறுபடி முனகியது. என்னவென்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. உள்ளே பையனின் அப்பா ஏ.சி.யின் குமிழைத் திருப்பி நிறுத்துவதும் உடனே போடுவதுமாக விளையாடிக்கொண்டிருக்கிறார்! நிறுத்தினால், கம்ப்ரசரில் அழுத்தம் இறங்க மூன்று நிமிடமாவது விட்டுத்தான் போட வேண்டும். அதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. "தொடாதீங்க! தொடாதீங்க!" என்று தோணியில் எழுந்து நின்று கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

ஜெனரேட்டர் கடைசியாக ஒரு முறை முக்கியது. உள்ளே காயில் கம்பி தீய்ந்த நாற்றம். வெள்ளைப் புகை. அப்புறம் ஒரே நிசப்தம். நான் அந்தச் செம்புக் கம்பியை மாட்டாமல் இருந்திருந்தால் அந்த நேரத்தில் ஃபியூஸ் போயிருக்கும், ஜெனரேட்டர் பிழைத்திருக்கும்.

அடுத்த நொடி அறைக்குள்ளிருந்து அலறல் கிளம்பியது. ஜன்னலெல்லாம் அடைத்திருந்ததால் ஜெனரேட்டரில் எரிந்த ஒற்றை பல்பும் அணைந்ததும் உள்ளே கும்மிருட்டு. வெயில் காய்ந்த கூரைக்குக் கீழே, காற்றே இல்லாத பெட்டிக்குள் நான்கு பேர். கயிற்றைப் பிடித்துத் தோணியை இழுத்துப் படகில் தாவினேன். கதவைத் தள்ளினால் அசையவில்லை. அது உட்பக்கம் திறக்கிற கதவு. உள்ளே நாலு பேரும் அதன்மேலேயே விழுந்து முட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் பின்னால தள்ளி நில்லுங்க!" என்று கத்தினேன். யார் கேட்பது? "யா அல்லா!" என்று ஒரு குரல். "மூச்சு முட்டுதே!" என்று இன்னொரு குரல். ஜன்னல் ஆணிகளைப் பிடுங்கப் பார்த்தேன். அவ்வளவு நன்றாக நான் அதுவரை எந்த வேலையும் செய்ததில்லை. ஒரு ஆணிகூட அசையவில்லை. எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

கழிக்காரன் என் தோளைப் பிடித்து இழுத்தான். "அத விடு. இந்தப் பொட்டியப் புடுங்கு!" என்று ஏ.சி.யைக் காட்டினான்.

அவன் சொன்ன பிறகுதான் அந்தச் சுவரில் ஓட்டை ஒன்று இருப்பதே எனக்கு ஞாபகம் வந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, 'ஏலேலோ ஐலசா' என்று இழுத்தோம். ஏ.சி. ஒரு முறை ஆடியது, வழுக்கியது, தாங்கல் கட்டையில் ஒரு கணம் யோசித்தது, பிறகு தொப்பென்று கால்வாயில் விழுந்தது. எங்கள் இருவருக்கும் தலையோடு குளியல். தண்ணீரிலிருந்து காற்று குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது.

அந்த ஓட்டை வழியாக முதலில் வெளியே வந்தது பையனின் அம்மா முகம். வியர்வை வழிய, வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். சரியாக அந்த நேரம் பார்த்துக் கடல் காற்று கிளம்பி வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே இருந்தவர்கள் கொஞ்சம் நிதானத்துக்கு வந்து கதவை விட்டு விலக, ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியில் பாய் வந்தார், மஃப்ளரோடு.

கழிக்காரன் மூலையில் கிடந்த பழைய பாய்மரத் துணியைக் கால்வாய்த் தண்ணீரில் முக்கி, நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டி நிழல் போட்டான். அந்த அம்மா படகின் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிட்டார். பாயின் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. மகள் கல்யாணம் ஏ.சி.யோடு சேர்ந்து கால்வாயில் மூழ்கிவிட்டது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"இந்தக் காத்த விட்டுட்டு எதுக்குங்க எங்கள ரூமுக்குள்ள போட்டு அடைச்சீங்க?" என்றார் அந்த அம்மா. பிறகு திரும்பிப் பாயைப் பார்த்து, "பிரியாணிய இங்கயே எடுங்க சம்பந்தி" என்றார்.

சம்பந்தி என்று அவர் சொன்னது அதுதான் முதல் முறை. பாய் "அல்ஹம்துலில்லாஹ்!" என்று இரண்டு கையையும் முகத்தில் ஒற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பயம் தெளிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. எழுந்து என்னிடம் வந்தார். "எப்படிய்யா நின்னுச்சு? நாலு உசுருய்யா!"

நான் சுவரில் ஃபியூஸ் கட்டை இருந்த இடத்தைப் பார்த்தேன். கட்டையைக் காணோம். அதற்குள் கழிக்காரன் அதைச் செம்புக் கம்பியோடு பிடுங்கி இடுப்பில் செருகியிருந்தான். ஒயரைக் காலால் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டே சொன்னான்.

"அவரு மேல தப்பு இல்ல பாய். என் கழி தவறிடுச்சு. ஒயர்ல பட்டு, அது உப்புத் தண்ணியில விழுந்துடுச்சு."

பாய் அவனையே பார்த்தார். "கழி தவறிடுச்சா? உனக்கா?"

"ஆமா பாய்."

"டேய், கண்ணு எங்கடா வச்சிருந்த?" என்று விருந்தாளிகள் எதிரிலேயே அவனைத் திட்டினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

கரை சேர்ந்த பிறகு, எதற்கு அப்படிச் சொன்னாய் என்று அவனிடம் கேட்டேன்.

"உன் கை அப்படி நடுங்குச்சுப்பா. பாக்க முடியல" என்றான். முதல் நாளிலிருந்து சார் என்று கேலி செய்தவன் இப்போது என்னை ஒருமையில் கூப்பிட்டான்.

நான் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிவிட்டேன். நான்கு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மறுபடி மரக்காணம் போய், பாயின் உப்புக் கிடங்கு வாசலில் நின்று, செம்புக் கம்பி முதல் குமிழ் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் எனக்கு டீ சொன்னார்.

"எனக்கு அப்பவே தெரியும் தம்பி. அவன் எட்டு வருசமா எங்கிட்ட கழி போடறான். இருட்டுல, மழையில, எதுலயும் அவன் கழி பட்டதே கெடயாது. அவன் பொய் சொல்றான்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்."

ஜெனரேட்டரின் காயிலை நானே உட்கார்ந்து புதிதாகக் கட்டிக் கொடுத்தேன். ஏ.சி.யைக் கயிறு போட்டு இழுத்து எடுத்தார்கள். உப்பும் சேறும் ஏறிப்போன அது மறுபடி ஓடவே இல்லை. கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. எனக்கும் அழைப்பு வந்தது.

கழிக்காரனை அந்தப் பந்தியில் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். அவன் பக்கத்து இலையைக் காட்டி, "உக்காருப்பா, கறி ஆறுது" என்றான்.

அதற்குப் பிறகு எத்தனையோ மெஷின்களை மாட்டியிருக்கிறேன், எத்தனையோ தவறும் செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவன் முகம்தான் நினைவுக்கு வருகிறது: தவறிய என் கையைப் பற்றி உண்மை சொல்ல எனக்கு ஐந்து நாள் பிடித்தது, ஒருநாளும் தவறாத தன் கையைத் தவறிவிட்டது என்று சொல்ல, முன்பின் தெரியாத எனக்காக, அவனுக்கு ஒரு நொடிகூடப் பிடிக்கவில்லை.