எங்கள் ஊராட்சியின் கடைசி மெம்பர்

எங்கள் ஊராட்சி இப்போது இல்லை. நகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். மூன்று குக்கிராமம், தெலுங்கு பேசும் ஒரு தெரு, ஒரு தண்ணீர்த் தொட்டி, மழைக்கு ஒழுகும் அலுவலகம். அவ்வளவுதான் எங்கள் ராஜ்ஜியம். அதில் இரண்டாவது வார்டுக்கு என் மனைவி மெம்பர்.

பெயருக்குத்தான். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு என்பதால் அவளை நிறுத்தினேன். ஜெயித்தது அவள். டீக்கடையில் 'மெம்பர்' என்று கூப்பிட்டால் திரும்புகிறவன் நான். கூட்டத்துக்கும் நானே போவேன், தீர்மான நோட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து அவளிடம் கையெழுத்து வாங்குவேன். இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் பெண்கள் வந்து நின்றது அவளிடம்தான். தொட்டி ஆளுக்கோ லைன்மேனுக்கோ போன் போட்டு, சரியாகும்வரை விடமாட்டாள். நான் அவள் ஊர்க்கதை பேசுகிறாள் என்று நினைத்தேன், மடையன்.

இணைப்புப் பேச்சு வந்ததும் டவுன்காரனாகிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கோ சோறு இறங்கவில்லை. நகராட்சி ஆகிவிட்டால் நூறு நாள் வேலை கிடையாது. அதை நம்பியே அடுப்பு எரிகிற வீடுகள் அவள் வார்டில் நிறைய. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்காட்டினாள். நான் கொட்டாவி விட்டேன்.

கடைசிக் கூட்டத்துக்கு நான் சட்டை மாட்டி வெளியே வந்தால், அவள் எனக்கு முன்னே செருப்புப் போட்டு நிற்கிறாள். அலுவலகத்தில் இணைப்புக்குச் சம்மதம் என்று தீர்மானம் தயாராக இருந்தது. பழக்கத்தில் நோட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

"பேனாவ இப்படிக் குடுங்க. மெம்பரு நானுங்க."

சத்தம் போடவில்லை. 'எனக்கு இதில் சம்மதம் இல்லை' என்று நிறுத்தி நிறுத்தி எழுதி, கீழே முழுப்பெயரையும் எழுதினாள். எனக்குக் காது சுட்டது. ஆனால் அன்றைக்குத்தான், இத்தனை வருஷம் யாரோடு குடித்தனம் செய்தேன் என்று எனக்குத் தெரிந்தது.

அவள் எழுதி எதுவும் நிற்கவில்லை. இணைத்தார்கள், வேலை போயிற்று, அலுவலகப் பலகையில் வேறு பெயர் எழுதினார்கள். அவள் ஒரு வாரம் அழுதாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை, காபி போட்டுக் கொடுத்தேன்.

போன வாரம் காரிமங்கலம் சந்தையில், அந்த வேலை போனவர்களில் ஒருத்தி கீரைக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் "மெம்பரு" என்று கூப்பிட்டாள். என் கழுத்து தானாகத் திரும்பியது. பிடித்து நிறுத்திக்கொண்டேன். என் மனைவி திரும்பாமல் பக்கத்துக் கடையில் விலை கேட்டுக்கொண்டு நின்றாள். பதவி போனபின் தன்னை யார் கூப்பிடப்போகிறார்கள் என்ற நினைப்பு.

தோளைத் தொட்டுச் சொன்னேன்: "மெம்பரு, உன்னயத்தான் கூப்புடறாங்க."