பனிக்குள் கேட்ட குரல்

ஜலீலை யாராவது கூப்பிட்டால் தெருவே அதிரும். கூப்பிட்டவர் சத்தத்தால் அல்ல, ஜலீல் கொடுக்கும் பதிலால். அவர் மனைவி அஜ்மல் பீவி அடுப்படியிலிருந்து "இங்க வாங்களேன்" என்று முணுமுணுத்தால் போதும், "இருக்கேன்! இந்தா இருக்கேன்!" என்று ஆரப்பாளையம் முழுக்கக் கேட்கும்படி கத்துவார். எதிரில் பலசரக்குக் கடை வைத்திருந்த எனக்கு எரிச்சலாக இருக்கும். "பாய், நீங்க இருக்கிறது மதுரைக்கே தெரியும்" என்பேன். சிரித்துக்கொள்வார். காரணத்தை ஒருநாள் அவருடைய கூட்டாளி சோணைமுத்துதான் சொன்னார்.

யுத்தத்துக்கு முன் ஜலீல் பஸ் டிரைவர். விளாங்குடி சோணைமுத்து அவருக்குக் கிளீனர். சம்பளம் கூடுதல் என்று இருவரும் ராணுவ லாரி வேலைக்குப் போனார்கள். கொண்டுபோய் விட்ட இடம் காஷ்மீர் மலைப்பாதை. நமக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வது. அங்கே அது ஆளை விழுங்கும்.

ஒருமுறை விடாமல் பனி கொட்டியது, கூடவே பேய்க்காற்று. கல் கொட்டகை ஒன்றில் எல்லோரும் அடைந்து கிடந்தார்கள். கதவைத் திறந்தால் வெள்ளைச் சுவர். ஜலீலின் சட்டைப்பையில் லீவு உத்தரவு இருந்தது. ஊரில் பிறந்திருந்த மகளை அவர் இன்னும் பார்க்கவில்லை. பொறியில் விழுந்த எலி மாதிரி கொட்டகைக்குள் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஒரு காலை காற்று நின்று பளீரென்று வெயில் அடித்தது. பாதை காவல்காரர் போகக்கூடாது என்றார். காற்று அள்ளிக் குவித்த பனி மேலே சரிவில் ஒட்டாமல் நிற்கிறது, வெயில் பட்டால் நழுவும் என்று கையால் காட்டியும் சொன்னார். ஜலீல் காதில் ஏறவில்லை. வெயில் வந்துவிட்டால் துணி காயும், மிளகாய் காயும், பாதையும் காயும். மதுரைக்காரனுக்கு வெயிலைச் சந்தேகப்படத் தெரியுமா?

"வெயிலே வந்துருச்சு, இனி என்ன மாப்ள? எடு வண்டிய" என்றார் சோணைமுத்து. அவருக்கும் ஊர் ஞாபகம்.

ஒரு வளைவில் சக்கரம் சிக்கியது. சோணைமுத்து மண்வெட்டியோடு இறங்கி முன்னால் நடந்தார். மேலே என்னவோ முறிந்த சத்தம். திரும்பிப் பார்த்தால் லாரியைக் காணோம். பாதையும் இல்லை.

உள்ளே ஜலீலுக்குக் கழுத்துவரை பனி. கண்ணாடி உடைந்து புகுந்தது சிமெண்டு மாதிரி இறுகிவிட்டது, கைகாலை அசைக்க முடியவில்லை. ஆனால் மேலே நடப்பதெல்லாம் தெளிவாகக் கேட்டது.

"மாப்ள! எங்கிட்டு இருக்க?"

"இருக்கேன்! இந்தா இருக்கேன்!" தொண்டை கிழியக் கத்தினார். மேலே எட்டவில்லை. வெளியே பேசுவது பனிக்குள்ளே கேட்கும், உள்ளே கத்துவது வெளியே போகாதாம். என்ன அநியாயம் பாருங்கள். கொட்டகையிலிருந்து ஆட்களோடு ஓடிவந்த ஹவில்தார் சோணைமுத்துவிடம் சொன்னதும் கேட்டது: "முடிந்தது, கிளம்பு. இன்னொரு சரிவு வரும்."

அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடப்பது எப்படி இருக்கும்!

சோணைமுத்துவுக்கு இந்தி அரைகுறை. ஹவில்தாரை நல்ல தமிழில் நாலு வசவு வைதுவிட்டுத் தோண்ட ஆரம்பித்தார். வைகை மணலில் ஊற்றுத் தோண்டுகிறவர் நேரே இறங்கமாட்டார், ஓரம் சரிந்து மூடிவிடும். அதேபோல அவரும் அகலமாகச் சரித்துச் சரித்துத்தான் இறங்கினார். வாய் மட்டும் ஓயவில்லை.

"கேக்குதா மாப்ள? கேக்கலேன்னாலும் பேசுவேன். ஊருக்குப் போயி கறிச்சோறு திங்கணும். ஒம்மகளுக்குக் கொலுசு வாங்கணும். தூங்கிறாத, இந்தா வாரேன்."

மற்றவர்கள் அவரைப் பைத்தியம் என்றார்கள். ஜலீல் ஒவ்வொரு வார்த்தைக்கும் பதில் சொல்லிக்கொண்டே கிடந்தார். மண்வெட்டி கூரைத் தகரத்தில் மோதும்வரை உயிரைப் பிடித்து வைத்திருந்தது அந்தப் பேச்சுதான்.

இருவரும் ஊர் வந்து சேர்ந்து பழையபடி பஸ்ஸுக்கே போனார்கள். மகளுக்குக் கொலுசும் வந்தது. ஆனால் யுத்தம் முடிந்து சில வருஷங்களில் சோணைமுத்து விஷக்காய்ச்சலில் போய்விட்டார். விளாங்குடியில், வீட்டுக்குக் கிட்டத்திலேயே அடக்கம். அவர் மனைவி தங்கப்பொண்ணுவின் அழுகை வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. குழியை மூடிய பிறகு நாங்கள் வழக்கம்போல மழையையும் அரிசி ரேஷனையும் பேசிக்கொண்டு நின்றோம்.

"முடிஞ்சுச்சு, கெளம்புவோம்" என்றார் ஒருவர்.

ஜலீல் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "அப்படிச் சொல்லாதீங்கய்யா. உள்ள கெடக்குறவனுக்கு நாம பேசுறது அம்புட்டும் கேக்கும்" என்றார்.

 அவர் மண்மேட்டின் அருகில் உட்கார்ந்து கையை அதன்மேல் வைத்தார்.

"மாப்ள, இங்கனதான் இருக்கேன். எங்கயும் போகல" என்று பேச ஆரம்பித்தார். மகள் பள்ளிக்கூடம் போவதைச் சொன்னார், பஸ்ஸுக்குப் புது டயர் போட்டதைச் சொன்னார். அன்றைக்கு அவர் கத்தவில்லை. பக்கத்தில் படுத்திருப்பவரிடம் பேசுவதுபோல மெதுவாகத்தான் பேசினார்.