வத்தல்மலை இறக்கமும் ஓர் எலுமிச்சம்பழமும்

இன்று காலை சைக்கிளில் வத்தல்மலை ஏறி, மறுபக்கம் பாறையும் வேருமாக இருக்கும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன். போன மாதம் இதே இறக்கத்தில் மூன்று முறை விழுந்தவன் நான். இன்று ஒருமுறைகூட விழவில்லை.

அடிவாரத்தில் மாரியம்மன் கோயில் முன்னால் புது டிராக்டருக்குப் பூஜை. டயரில் நசுங்கிய எலுமிச்சம்பழங்கள் தரையில் கிடந்தன. மரியாதைக்கு வேகத்தைக் குறைத்து ஓரமாகப் போனேன். முன்சக்கரம் ஒரு பழத்தின் மேல் ஏறி வழுக்கியது.

சமதரையில் விழுந்தேன்.

டிராக்டர்காரர் ஓடிவந்து தூக்கிவிட்டார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"கவலப்படாதீங்க. எங்க வண்டிக்கு வர வேண்டிய கண்டம் உங்களோட போச்சுங்க."

அவர் மனைவி ஒரு தட்டு பொங்கல் கொடுத்தார்.

முழங்கையில் இரண்டு தையல். டிராக்டர் நலம்.

யாராவது புது வண்டி எடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாதான் இருக்கிறேன்.